நீ பெயர் மாற்றிச் சொன்ன ஈ

அன்பு மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அப்படி எழுத வரவில்லை. நீ நலமாக இருப்பது தினமும் போனில் தெரிகிறது. நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட எழுதுவதில்லை என்று உட்காரும்போதே முடிவு செய்துவிட்டேன். இதைப் போனிலேயே சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே "அம்மா, ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கேளு" என்பாய். நானும் கேட்பேன். கேட்டுக் கேட்டுத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால், வீட்டு வேலைக்கு வரும் பூங்கொடியை அனுப்பி மேலூர் ரோட்டுக் கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவரச் சொல்லி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு ஈயைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எந்த ஈ என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். இருந்தாலும் முதலிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் என் பக்கத்து நடப்பை நீ ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. பங்குனிக் கடைசியில் ஒரு காலை, கொல்லையில் புடலைப் பந்தலுக்குப் பின்னால் இருக்கும் குப்பை டிரம்மைத் திறந்தேன். காய்கறித் தோலும் டீத்தூளும் போட்டு உரமாக்குகிற அந்த நீல டிரம்தான். மூடியின் விளிம்பில் கறுப்பாக, நீளமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. குளவி என்று பயந்து பின்வாங்கினேன். அப்படிப் பின்வாங்கும்போதுதான் செங்கல் முனையில் இடது கால் சுண்டுவிரல் இடித்துக் கிழிந்தது. அந்தக் கறுப்புப் பூச்சி பறக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. என்னைப் பார்த்தபடி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. ஒரு வாரத்தில் ஒன்று நாலானது. டிரம்முக்குள் சாம்பல் நிறத்தில் தட்டையான புழுக்கள் நெளிந்தன. சோற்றுப் பானையில் அரிசி கொதிப்பதுபோல ஒரு சலசலப்பு வேறு. எனக்கு அருவருப்பைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. இத்தனை வயதில் இப்படி ஒரு ஈயைப் பார்த்ததில்லை என்று நினைத்தேன். போனை எடுத்துக் கிட்டத்தில் போய் மூன்று படம் பிடித்தேன். பூச்சி படித்த பிள்ளை ஒருவன் எனக்கு இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பேன்? உனக்குத்தான் அனுப்பினேன்.

நீ உடனே பதில் போடவில்லை. படத்தைப் பார்த்ததற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது, அதன் பிறகு ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு குரல் பதிவாக அனுப்பினாய். அது இன்னும் என் போனில் இருக்கிறது. "அம்மா, நல்லா கேட்டுக்க. இது சாதாரண ஈ இல்ல. புண்ணு இருக்கிற இடமாப் பார்த்து முட்டை வைக்கிற ஈ. ஆடு மாட்டுக்கெல்லாம் இதால புழு வச்சுச் செத்துப்போகும். உனக்கு சுகர் வேற இருக்கு, கால்ல காயம் வேற இருக்கு. கொல்லைப் பக்கமே போகாத. அந்த டிரம்மைக் கொட்டிடு. நீ அங்க தனியா இருக்கிறது எனக்கு சரியாப் படல." அந்த ஒரு மணி நேரம் நீ புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அப்போது பெருமையாக நினைத்தேன். இப்போது கேட்கிறேன்: என்ன சொல்லலாம் என்றுதானே நீ அந்த ஒரு மணி நேரமும் யோசித்துக்கொண்டிருந்தாய்?

நீ சொன்னதை நான் அட்சரம் பிசகாமல் செய்தேன். பூங்கொடிக்கு அன்று லீவு. நானே அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சி, சிறு குடத்தால் மொண்டு மொண்டு டிரம்முக்குள் ஊற்றினேன். அதற்கு மேல் பினாயில். ஆயிரக்கணக்கான புழுக்கள் மேலே மிதந்து வந்தன. ஒன்றரை வருடம் சேர்த்த உரம், அப்படியே நாறிப்போனது, அள்ளிக் கொட்டினேன். கொல்லைக் கதவைத் தாழிட்டேன். சித்திரை வெயிலில், ஸ்ரீரங்கத்தில் காற்றே அசையாத அந்த நாட்களில், ஜன்னல் ஒன்றைக்கூடத் திறக்காமல் வீட்டுக்குள் வெந்துகொண்டிருந்தேன். புடலைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. கத்தரி வாடியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிட மோசம் கால். கொஞ்சம் அரித்தால் போதும், உள்ளே ஏதோ நெளிகிறது என்று தோன்றும். கட்டைப் பிரிப்பேன், ஜன்னல் வெளிச்சத்தில் காலைத் தூக்கி வைத்துப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது, மறுபடி கட்டுவேன். ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் டிரஸ்ஸிங்குக்குப் போகும் கிளினிக்கில் நர்ஸம்மா திட்டினார். "கட்டைப் பிரிக்காம விட்டீங்கன்னாதான்மா ஆறும், சும்மா சும்மா ஏன் கையை வைக்கிறீங்க?" என்றார். ஈ முட்டை வைத்துவிடும் என்று பயமாக இருக்கிறது என்றேன். "கட்டுக்குள்ள எப்படிம்மா ஈ வரும்?" என்று சிரித்தார். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும், என் பிள்ளை பூச்சியியல் படித்தவன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் நீ நேரில் வந்தாய். இரண்டு நாள் தங்கினாய். நான் ஜன்னலை மூடிக்கொண்டு, காலில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு நடந்ததை உன் கண்ணால் பார்த்தாய். அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ என்ன சொன்னாய்? "ஆவணில சென்னைக்கு வந்துடும்மா. மூணாவது மாடி, ஈ கொசு எதுவும் ஏறி வராது" என்றாய். மூன்று வருடமாக நீ கூப்பிட்டும் வர மாட்டேன் என்று அடம்பிடித்த நான், அன்று ஒரே பேச்சில் சரி என்றேன். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன், அசடு. வீட்டை வாடகைக்கு விட ஆள் பேசினாய். பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் நான் சாக்கில் கட்டி வைத்தேன்.

வைகாசியில் ஒரு காலை, தாழிட்டிருந்த கொல்லைக் கதவைப் பூங்கொடி திறந்து உள்ளே போய்விட்டாள். நான் கத்தினேன். அவள் கையில் ஒரு செத்த ஈயோடு திரும்பி வந்தாள். "இதுக்காங்கம்மா இவ்ளோ பயப்படுறீங்க? இது குப்பை ஈங்க. கொள்ளிடக் கரையில எங்க வீட்டுச் சாணிக் குழியில ஏகத்துக்கும் இருக்கும். இதோட புழுன்னா எங்க கோழிங்களுக்கு உசுரு. நீங்க அன்னைக்குக் கொட்டுனதை என்கிட்ட சொல்லியிருந்தா பக்கெட்டுல அள்ளிட்டுப் போயிருப்பேனே" என்றாள். புண்ணில் முட்டை வைக்குமாமே என்று கேட்டேன். "யாருங்க சொன்னது? அது வேறங்க, பச்சையா பளபளன்னு இருக்கும், மாட்டுக் கொம்புல புண்ணு வந்தா மொய்க்கும். இது வீட்டுக்குள்ளகூட வராதே, கவனிச்சீங்களா?" என்றாள். நான் கவனித்திருந்தேன். ஒருநாள்கூட அது வீட்டுக்குள் வந்ததில்லை, சோற்றில் உட்கார்ந்ததில்லை. கவனித்தும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யார் சொன்னது என்று அவள் கேட்டதற்கு, ஈயை வைத்துவிட்டுப் போ என்றேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வெல்டிங் குழாய்களின் எக்ஸ்ரே ஃபிலிம் பார்த்தவள் நான். வெளிச்சப் பெட்டியில் ஃபிலிமை வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்து, உள்ளே ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வட்டம் போட வேண்டும். அங்கே ஒரு நடைமுறை இருந்தது. ஒரே ஃபிலிமை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதல் ஆள் என்ன எழுதினார் என்பதை இரண்டாவது ஆளுக்குக் காட்டக்கூடாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் குழாய் வெளியே போகும். பக்கத்து நாற்காலித் தோழி எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அவள் சொன்னாள் என்று நான் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படிப்பட்ட நான், உன் ஒரு குரல் பதிவைக் கேட்டுவிட்டு, என் கண்ணால் இரண்டாவது முறை பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேலையில் இருந்த காலத்தில் செய்யாத தப்பை ரிட்டயர் ஆன பிறகு செய்தேன். இது என் தப்புதான், உன் தலையில் போட மாட்டேன்.

அன்று பூங்கொடி போன பிறகு அந்த ஈயை வெள்ளைத் தாளில் வைத்து, பழைய பூதக்கண்ணாடியை எடுத்து உட்கார்ந்தேன். குளவிக்கு நாலு இறக்கை உண்டு, இதற்கு இரண்டுதான். மீசை கறுப்பாக நீண்டிருந்தது. ஆறு காலின் நுனியிலும் சாக்ஸ் போட்டதுபோல வெள்ளை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். இடுப்பில் இரண்டு இடத்தில் வெளிச்சம் ஊடுருவி வந்தது, கறுப்பு உடம்பில் இரண்டு சின்னக் கண்ணாடி. அதைப் பார்த்ததும் இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு உறுத்தல். அரை மணி நேரம் யோசித்தேன். பிறகு பூங்கொடியை மறுபடி வரச்சொல்லிப் பரண் மேலிருந்து உன் பூச்சிப் பெட்டியை இறக்கினேன்.

காலேஜில் நூறு பூச்சி பிடித்து, ஊசியில் குத்தி, பெயரெழுதிக் கொடுக்க வேண்டும் என்று நீ லீவுக்கு வந்து அழுத அந்தப் பெட்டிதான். பாதிப் பூச்சி நான் பிடித்தது. குவார்ட்டர்ஸ் தெருவிளக்கடியில் நின்று அந்துப்பூச்சி பிடித்தேன், காந்தி மார்க்கெட்டுக்குப் போய் அழுகிய மாம்பழக் கூடையில் பழ ஈ பிடித்தேன், போர்ட்டர்கள் எல்லாம் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். கண்ணாடி மூடியைத் திறந்ததும் ரசகற்பூர வாசனை இன்னும் இருந்தது. மூன்றாவது வரிசையில் அந்த ஈ. அதே வெள்ளைக் கால், அதே இடுப்பு. கீழே துண்டுச் சீட்டில் உன் முத்து முத்தான எழுத்தில் ஆங்கிலப் பெயர், அதன் கீழே கைலாசபுரம், வீட்டுக் குப்பைக் குழி. பிடித்தவர் என்ற இடத்தில் தமிழில் "அம்மா" என்று எழுதியிருந்தாய். நான் பிடித்த பூச்சிக்கெல்லாம் அப்படித்தான் எழுதினாய், நினைவிருக்கிறதா? உன் பெயரையே போட்டுக்கொள்ளேன் என்றதற்கு, "நீ பிடிச்சதை நான் பிடிச்சேன்னு எப்படிம்மா எழுதுறது?" என்றாய். அதற்காக வாத்தியாரிடம் திட்டும் வாங்கினாய். பெட்டியோடு ஒரு நோட்டும் கொடுத்திருந்தாய் அல்லவா, அதையும் எடுத்துப் பார்த்தேன். படைவீரர் ஈ, குப்பையைத் தின்று உரமாக்கும், கடிக்காது, நோய் பரப்பாது, விவசாயிக்கு நண்பன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு வரிசை தள்ளி பச்சையாக மின்னும் தடித்த ஈ ஒன்று. உறையூரில் ஒரு மாட்டின் புண்ணிலிருந்து பிடித்தது. அதன் கதையைத்தான் நீ இதன் தலையில் கட்டி எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

நான் மறந்துபோனேன், நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் ஒரு நப்பாசை. ஃபோட்டோவில் சரியாகத் தெரியாமல் போயிருக்கலாம், வேலை அவசரத்தில் தப்பாகச் சொல்லியிருக்கலாம். உர கம்பெனியில் சேர்ந்து இத்தனை வருடத்தில் பூச்சிகளெல்லாம் மறந்துபோயிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேதான் உனக்குப் போன் செய்தேன்.

"தம்பி, அந்த ஈ நிச்சயமா நீ சொன்ன ஈதானா? ஒருவேளை வேற ஏதாவதா இருக்குமோ?"

"அம்மா, எத்தனை தடவை கேட்ப? நான் படிச்சதே இதைத்தானே."

"ஃபோட்டோல சரியா விழலையோ என்னமோன்னுதான்..."

"நல்லாவே விழுந்திருந்துச்சு. உன்கிட்ட போய் நான் பொய் சொல்வேனாம்மா?"

"சரிப்பா. சாப்பிட்டியா?" என்றேன்.  நீ என்ன சாப்பிட்டாய் என்று சொன்னாய், எனக்குக் காதில் விழவில்லை. முதல் பொய்யை நான் எப்படியாவது விழுங்கியிருப்பேன். இரண்டாவது பொய்யை, நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வா வா என்று கூப்பிடும்போது, என் முகத்தில் அறைந்து சொன்னாய். உலகத்தில் யார் என்னை ஏமாற்றினாலும் எனக்குக் கோபம் வரும், நாலு வார்த்தை கேட்பேன், மறந்துவிடுவேன். நீ ஏமாற்றியதற்கு எனக்குக் கோபம்கூட முதலில் வரவில்லை, வெட்கமாக இருந்தது. பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு நான் நடந்ததை நீ பார்த்துக்கொண்டு நின்றாயே, அது ஞாபகம் வந்து வந்து கூசிப்போனேன். கோபம் மறுநாள்தான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

நீ ஏன் செய்தாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. உனக்குப் பயம். நான் ஒருநாள் இங்கே விழுந்து கிடப்பேன், தகவல் உனக்குத் தாமதமாக வரும் என்ற பயம். அந்தப் பயத்தை உனக்குக் கொடுத்தவளே நான்தான். இதை எழுத வேண்டாம் என்று இரண்டு பக்கம் கிழித்தேன், ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே பாதிப் பொய்யாகிவிடும். உன் கடைசி வருடப் பரீட்சையின்போது உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உன்னிடம் அவருக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று சொன்னேன். பரீட்சை முடிந்து நீ கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது அவருக்குப் பேச்சு போயிருந்தது. பரீட்சை கெடக்கூடாது என்றுதான் மறைத்தேன் என்றேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வருடம் அவருக்கு ஊட்டினாய், துடைத்தாய், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. முதல் தாக்குதலில் அவருக்குப் பேச்சு போகவில்லை. நாலு நாள் நன்றாகப் பேசினார். கிரேன் ஓட்டுகிற மனுஷன், ஒரு காரியத்தைத் தள்ளிப்போட மாட்டார். "தம்பிக்கு ஒரு போன் போடு, ரெண்டு வார்த்தை பேசிடுறேன்" என்று தினமும் கேட்டார். "பரீட்சை முடியட்டுங்க, அவனே வந்துடுவான்" என்று நான் போடவில்லை. ஐந்தாம் நாள் காலை இரண்டாவது தாக்குதல் வந்தது. உன்னோடு பேச அவர் வைத்திருந்த அந்த இரண்டு வார்த்தை என்னவென்று எனக்கும் தெரியாது. உன் நன்மைக்கு என்று நினைத்துத்தான் செய்தேன். உன்னிடமிருந்து அதை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கவில்லை. இதற்கு நான் உன்னிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நீ தர வேண்டும் என்று கட்டாயமில்லை.

அப்படியென்றால் கணக்கு சரியாகிவிட்டது என்று நினைக்காதே. என் தப்பை ஒப்புக்கொண்டதால் உன் தப்பு கரைந்துவிடாது. எனக்கு இன்னும் வலிக்கிறது, உன் பேச்சைப் போனில் கேட்கும்போதெல்லாம் எந்த வார்த்தை நிஜம், எந்த வார்த்தை என்னைத் திருப்புவதற்கு என்று எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன். பெற்ற பிள்ளையின் பேச்சைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டி வந்துவிட்டதே என்று இருக்கிறது. உனக்கும் ஒரு பெண் குழந்தை வளர்கிறாள். அவள் ஒருநாள் உன்னைவிட்டுத் தூரப் போவாள். அவளை அருகில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் ஆசையாக இருக்கிறது என்று சொல். பயம் காட்டாதே. பயந்து வருபவர்கள் உன்மேல் பிரியப்பட்டு வந்தார்கள் என்று நீ ஏமாந்துபோவாய். மூன்று வருடமாக என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டாயே, வசதி இருக்கிறது என்றாய், லிஃப்ட் இருக்கிறது என்றாய், நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது என்றாய். "நீ இல்லாம எனக்கு என்னவோ போல இருக்கும்மா" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால், நான் வந்திருப்பேனோ என்னவோ. அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை, ஈயைப் பற்றிப் பொய் சொல்ல மட்டும் வந்தது.

ஆவணியில் நான் வரவில்லை. வாடகைக்குப் பேசிய ஆளிடம் நீயே சொல்லிவிடு. பாத்திரச் சாக்குகளைப் பூங்கொடி பிரித்துவிட்டாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டேன், கொல்லைக் கதவையும். டிரம்மில் புதிதாகத் தோல் போட ஆரம்பித்திருக்கிறேன். நேற்று அந்த ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. பிறகு ஒருநாள் வருவேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வந்தால் யாரும் பயமுறுத்தி வரமாட்டேன்.

இனி சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டுவிடத்தான் முதலில் நினைத்திருந்தேன். சொன்னால் நீ சொன்னதே சரி என்று ஆகிவிடும், நான் தனியாக இருக்க லாயக்கில்லை என்பாய். அதனால் விரல் ஆறிவிட்டது என்று போனில் சொல்லிவிட்டேன். அது ஆறவில்லை. போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, சுண்டுவிரலை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கால் முழுக்கப் பரவும் என்றார். கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததால்தானா என்று கேட்டேன். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், சர்க்கரை இருக்கும்போது அதனால் மட்டும்தான் என்று சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். இதை வைத்து உன்னைக் குத்திக்காட்ட எனக்கு ஆசை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பூங்கொடியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் முடித்துவிட்டு, உனக்குத் தெரியாமலே இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். அப்படிச் செய்தால் நான் உன் அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுக்காத அதே ஆளாகத்தான் இருப்பேன்.

வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தில்லைநகரில் ஆபரேஷன். கடிதம் அதற்குள் வந்து சேர வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். வருவதாக இருந்தால் வா. எனக்கு மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள், டாக்டர் வெளியே வந்து பேசுவது என் காதில் விழாது. அவர் என்ன சொல்கிறார் என்று நீ பக்கத்தில் நின்று கேள். நான் கண் விழித்ததும், அதை ஒரு வார்த்தை மாற்றாமல் என்னிடம் சொல்.

அம்மா